தார் சுற்றுகிறவரும் தொழிலாளிதான்

பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை தருகிறார்கள் என்ற அறிவிப்பு எங்கள் கல்லூரிக்குத் தபாலில் வந்தபோது, பொருளாதாரத் துறைத் தலைவர் அதைக் கால அட்டவணைக்குக் கீழே குத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார். நான்கு நாள் கழித்து அட்டவணையை மாற்றும்போதுதான் நான் பார்த்தேன். விண்ணப்பம் போய்ச் சேர ஒரு வாரமே பாக்கி இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தற்காலிக விரிவுரையாளர். வீடு ராஜபாளையத்தில். கணவர் நூற்பு மில்லில் ஃபிட்டர். மகளுக்கு மூன்று வயது. என்ன தலைப்பு எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் எல்லா வீட்டிலும் தார் சுற்றினார்கள். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி எங்கள் பக்கத்துத் தறிகளில்தான் ஓடியது. அந்தத் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூலைச் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. அதைச் செய்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். தறியில் நிற்கிற ஆண்களின் பெயர் எங்காவது ஒரு நோட்டில் இருக்கும். இவர்கள் பெயர் எதிலும் இருக்காது.

துறைத் தலைவர்தான் எனக்கு ஆய்வு நெறியாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். தலைப்பைப் படித்துவிட்டு, பெண்களைப் பற்றிப் பெண்ணே எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது, புலம்பல் ஆகும் என்றார். நெசவைப் பற்றி நெசவாளி மகன் எழுதி நம் துறையிலேயே பட்டம் வாங்கியிருக்கிறாரே சார் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கிடைக்காது என்று நம்பித்தான் போட்டார் என்பது பின்னால் தெரிந்தது.

நேர்காணல் சென்னையில். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், ஒருவர் மட்டும் பெண். தலைப்பைப் பற்றி இரண்டு கேள்வி. பிறகு ஒருவர் என் விண்ணப்பத்தைப் புரட்டி, குழந்தைக்கு மூன்று வயதுதான் ஆகிறது, கள ஆய்வுக்கு வீடு வீடாக எப்படி அலைவீர்கள் என்று கேட்டார். "அவளையும் கூட்டிட்டுப் போவேன் சார். நான் போற எல்லா வீட்லயும் பிள்ளைகளை வச்சுக்கிட்டுத்தான் வேலை பார்க்கிறாங்க" என்றேன். அந்த ஒரு பெண் மட்டும் தலை குனிந்து எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றரை மாதத்தில் உதவித்தொகை கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. தற்காலிக வேலையை விட்டேன். சொன்னபடியே மகளையும் கூட்டிக்கொண்டு சந்துக்குள் போனேன்.

முதல் நாளே என் வினாத்தாள் படுத்துவிட்டது. 'நீங்கள் செய்யும் தொழில் என்ன?' என்பது மூன்றாவது கேள்வி. முதல் வீட்டில் அந்த அம்மா வலது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே, "தொழில்னு ஒண்ணும் இல்ல டீச்சர். சும்மாதான் வீட்ல இருக்கேன்" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பதில். விடிந்ததும் ராட்டையைத் தொட்டு, நடுவில் சோறாக்கி, மறுபடி உட்கார்ந்து பொழுது சாயும்வரை சுற்றுகிறவர்கள் எல்லாரும் சும்மாதான் இருந்தார்கள். நான் அவர்களுடைய பதிலை அப்படியே ஒரு பக்கம் எழுதினேன். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன வேலை எவ்வளவு நேரம் என்று பார்த்ததை எதிர்ப்பக்கம் எழுதினேன்.

முதல் ஆண்டு அறிக்கையை நெறியாளரிடம் கொண்டுபோனேன். தொழிலாளர்கள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் அடித்து, இல்லத்தரசிகள் என்று எழுதினார். அவர்களே தொழில் இல்லை என்று சொல்கிறபோது நீ யார் அதை மாற்ற என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுபோல எனக்கும் பட்டது. ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சிவப்பு மை பட்ட தாள்களை எடுத்துக்கொண்டு நேரே சந்துக்குப் போனேன். உங்களைப் பற்றி எழுதியதை நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லி, நான் எழுதியதையும் படித்தேன், அவர் திருத்தியதையும் படித்தேன்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சேத்தூரில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவருக்கு நெஞ்சுச்சளி, தறிக்குப் போக முடியாது. அதிகம் பேசமாட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவர் ராட்டையை நிறுத்தினார்.

"அவரு சொல்லுததும் சரிதான். சும்மா இருக்கேன்னு நாமதான் சொன்னோம். அப்பம் ஒரு நாளைக்குச் சும்மா இருந்து பாப்போமே. என்ன ஆகுதுன்னு தெரியும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சோடு போய்விடும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மகளோடு சந்துக்குள் நுழைந்தபோது ஏதோ குறைந்தது. செத்த நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஒரு வீட்டிலும் ராட்டைச் சத்தம் இல்லை. வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் சுற்றிய தார் மதியம் வரைக்கும்தான் தாங்கியது. அதன்பிறகு அடுத்த தெருவில் இருந்த தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காலங்காலமாகக் காதுக்குள் இருந்த இரைச்சல் நின்றதும் தெருவே வேறு மாதிரி இருந்தது. தறி முதலாளியின் கணக்கப்பிள்ளை மொபெட்டில் வந்து, தார் எங்கே, ஏன் யாரும் வேலை பார்க்கவில்லை என்று சத்தம் போட்டார். அந்த அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை. "வேலையா? நாங்க வேலை பாக்கலையே. சும்மால்லா இருக்கோம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றும் மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் கல்லூரி முதல்வர் ஆள் அனுப்பினார். தறி முதலாளியும் கல்லூரி நிர்வாகக் குழுவில் ஒருவரும் சம்பந்தகாரர்கள். படிக்க உதவித்தொகை வாங்கிக்கொண்டு வேலைநிறுத்தத்தைத் தூண்டியதாக என்மேல் புகார். என் நெறியாளரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டு மூன்று வரி எழுதிக் கொடுத்தால் போதும், பெரிசாக்க வேண்டாம் என்று முதல்வர் தன்மையாகத்தான் சொன்னார். தாள் வாங்கி எழுதினேன். இன்ன நாள் இன்ன சந்தில் பெண்கள் தார் சுற்றவில்லை, மதியத்துக்கு மேல் பக்கத்துத் தெருத் தறிகள் ஓடவில்லை, இதை நான் நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சரியாக மூன்று வரி. முதல்வர் படித்துவிட்டு, நான் கேட்டது இதுவா என்றார்.

"நடந்தது இதுதான் சார். மன்னிப்புக் கேக்கற மாதிரி நான் எதுவும் செய்யல."

வீட்டில் இது எளிதாக முடியவில்லை. கணவருடைய மில்லுக்கும் செய்தி போயிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் என்ன குறைந்துபோகும் என்று அவர் கேட்டார். எனக்குக் குறையும் என்றேன். மூன்று நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் மகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பால்வாடிக்குக் கொண்டுபோய் விட்டது அவர்தான். அந்த மனிதரைப் பற்றி இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி சந்தில் விழுந்தது. மற்றவர்களுக்கு நூல் கொடுத்த முதலாளி அந்த அக்காவுக்கு மட்டும் நிறுத்திவிட்டார். கேள்விப்பட்டதும் ஓடினேன். என்னால்தானே அக்கா இப்படி ஆயிற்று, என்னை மன்னித்துவிடுங்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். முதல்வரிடம் கேட்காத மன்னிப்பை அங்கே கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை டீச்சர் என்றே கூப்பிட்டவர் அன்றைக்கு அப்படிக் கூப்பிடவில்லை.

"ஏட்டி, ஒன்னால எதுவும் நிக்கல. நிறுத்துனது நானு. எனக்குத் தெரியாதா என்ன நடக்கும்னு? இதையும் ஒங்கணக்குல எழுதிக்கிட்டுப் போயிராத."

சிவப்பு மையை எதிர்த்து மார்தட்டிக்கொண்டிருந்த நானும் இன்னொரு விதத்தில் அவரைச் சும்மா இருக்கிறவராகத்தான் நினைத்திருக்கிறேன். இரண்டு மாதம் போல அவர் பருத்திக் காட்டு வேலைக்குப் போனார். பொறவு வேறொரு முதலாளியிடம் நூல் வாங்கினார். முந்தினவரைவிட இவர் பரவாயில்லை என்றார்.

நெறியாளர் என் அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை நின்றது. மதுரையில் ஒரு பேராசிரியை என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் பழையவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். தரமாட்டேன், தரவும் முடியாது என்றார். நான் திங்கட்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, அதே வேண்டுகோளைப் புதிதாக எழுதிக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, தபால் பதிவேட்டில் எண் போட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன். முதலில் கிளார்க் சிரித்தார். ஐந்தாவது வாரம் நான் கேட்பதற்கு முன்பே பதிவேட்டை எடுத்து வைத்தார். துறை ஆசிரியர்கள் வராந்தாவில் என்னைக் கண்டால் திரும்பி நடந்தார்கள். பதினாலாவது கடிதத்துக்கு முதல்வரே ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். என்மேல் இரக்கப்பட்டு அல்ல. அத்தனை கடிதத்துக்கும் எண் இருக்கிறது, ஒன்றுக்கும் பதில் இல்லை, நாளைக்கு யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கிளார்க்தான் அவருக்குச் சொன்னாராம்.

ஆய்வேட்டை முடிக்க இன்னும் மூன்று வருடம் ஆனது. 'தொழிலாளர்' என்ற சொல் தலைப்பிலேயே இருந்தது. மதுரையில் வாய்மொழித் தேர்வு. அதற்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. யாரும் கேட்பதில்லை என்பது வழக்கம். நான் சந்துக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டேன். மூன்று பேர் வந்தார்கள். அந்த அக்கா முன்வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தேர்வாளர் கேட்டு முடித்துவிட்டு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்று சம்பிரதாயமாகக் கேட்டார். அக்கா எழுந்தார்.

"கேள்வி இல்ல சார். இவிய எழுதுனதுல ஒண்ணு தப்பு. ஆம்பளைக வெளிய விடாததால நாங்க வீட்டுக்குள்ள இருந்து சுத்துதோம்னு இவிய இப்பம் சொன்னாவ. எங்க வீட்ல யாரும் என்னயத் தடுக்கல. மில்லுல வேலை கேட்டு நாலு தரம் போயி நின்னேன். கலியாணம் ஆன பொம்பளைய எடுக்க மாட்டோம்னுட்டாவ. அதை எழுதச் சொல்லுங்க."

என் பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் அந்த நாலு தரத்தைக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தேர்வாளர் தன் குறிப்பேட்டைத் திறந்து, எந்த வருடம் போய்க் கேட்டீர்கள் அம்மா என்று அவரிடம் விசாரிக்கத் தொடங்கினார். கால் மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அவ்வளவு நேரமும் நான் கரும்பலகையை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவில்லை.

பட்டம் உண்டு, ஆனால் அந்த அத்தியாயத்தைத் திருத்தித் தர வேண்டும் என்றார்கள். திருத்தினேன். சிவப்பு மைக்கு மறுத்தவள், இதை மனசாரத் திருத்தினேன்.