பதில் சொல்லாத வணக்கங்கள்

கணவரின் வேலைக்காக மெக்சிகோவில் மூன்று வருடம் இருந்தோம். அங்கே ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவர்களும் பதில் சொல்வார்கள். நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பின் தெரியாதவர்களிடம் என்ன வணக்கம் என்று எரிச்சல்.

போன மாதம், இப்போது நாங்கள் இருக்கும் கச்சிபௌலியில் கணவரை ஐசியூவில் சேர்த்தேன். "இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஊரிலிருந்து யாரும் வந்து சேரவில்லை. வெளியே அறையில் காத்திருந்தவர்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. தாங்க முடியாமல், "நமஸ்தே" என்றேன், அறை முழுவதற்கும். சிலர் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும் பையை நகர்த்தி இடம் விட்டார். "நமஸ்தே அம்மா. ஆவ், பைட்டோ" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். தன் மகனும் உள்ளேதான் இருக்கிறான் என்றார்.

மெக்சிகோவில் நான் பதில் சொல்லாமல் விட்டவர்களுக்கெல்லாம் உள்ளே யார் கிடந்தார்களோ?