முன்னால் சின்ன இறக்கை

சூடான கம்பி பட்டுத் தெர்மோகோல் கருகும் நாற்றம் மூக்கைத் துளைக்க, நைட் "ஷிப்ட்" முடித்து வந்த அப்பாவின் தூக்கம் கலையாதபடி எங்கள் நெய்வேலி "குவார்ட்டர்ஸ்" பின்கட்டில் உட்கார்ந்து, பள்ளிக் கண்காட்சிக்காக என் தங்கை செல்வி ஒரு விமானம் செய்தாள். ஊரில் உள்ள விமானத்துக்கெல்லாம் சின்ன இறக்கை வால் பக்கம் இருக்க, இவள் விமானத்துக்கு மட்டும் அது மூக்குப் பக்கம் இருந்தது. அப்படி வைத்தால்தான் தலைகுப்புற விழாமல் போகிறது என்று அவளே வீசி வீசிக் கண்டுபிடித்திருந்தாள். எங்கள் "பிளாக்" மைதானத்தில் அது அழகாக மிதந்து போனதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டும், "ரிவர்ஸ்லயே போகுதாடி?" என்று கிண்டல் செய்தேன். "அக்கா பெரிய கிளாஸ், அவ சொல்றத கேட்டுக்க" என்றார் அம்மா.

செல்விக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால், விளக்கம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கண்காட்சியைப் பார்வையிட வந்த அதிகாரி விமானத்தைப் பார்த்துச் சிரித்து, "என்னம்மா, முன்ன பின்ன மாத்திட்டீங்களா?" என்றார். எனக்கு மானம் போயிற்று. "ஆமா சார், தப்பா வச்சிட்டோம்" என்று சொல்லி, வாலை மூக்காகத் திருப்பிப் பிடித்து அவர் எதிரிலேயே வீசினேன். அது குட்டிக்கரணம் அடித்து அவர் காலடியில் விழ, எல்லாரும் சிரித்தார்கள். செல்வி குனிந்து விமானத்தைப் பொறுக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், "நான் தப்பாத்தான் செஞ்சிருந்தேனாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், பாவி.

அதன்பின் பிளஸ் ஒன்னில் எடுக்க வேண்டிய "குரூப்" முதல் கல்யாணப் புடவை வரை, என்னைக் கேட்காமல் அவள் எதையும் முடிவு செய்ததில்லை. அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

போன வாரம், என் மகனின் பாடத்துக்காக விமானங்களின் கதையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய படத்தைப் பார்த்தேன். மனிதனை ஏற்றிக்கொண்டு முதன்முதலில் பறந்த விமானத்துக்கே சின்ன இறக்கை முன்னால்தான் இருந்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை வாலுக்குத் தள்ளிவிட்டாலும், இன்றைய போர் விமானங்கள் சிலவற்றில் அது மறுபடியும் முன்னால் வந்து நிற்கிறது. நெய்வேலியில் நாங்கள் இருந்த வீடு இப்போது இல்லை. மைதானத்தில் முள்செடி மண்டிவிட்டது. யாரையும் கேட்காமல் அந்த விமானத்தைச் செய்த சிறுமியையும் காணோம்.

செல்விக்கு "போன்" போட்டேன். "அன்னிக்கு ஸ்கூல் கண்காட்சிக்கு நீ செஞ்ச பிளேன்தான்டி சரி, நான்தான் தப்பு" என்றேன்.

"அப்படியாக்கா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.