காற்றில்லாத மாதத்தில் ஒரு பாய்மரப் படகு

பிப்ரவரி 18, செவ்வாய். விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். அவனியாபுரத்தில் எங்கள் தெரு முனையிலிருந்து விமான நிலையத்துக்கு ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி, தலைக்கு மேல் இறங்கும் விமானங்களை இத்தனை வருடம் அண்ணாந்து பார்த்தவள் என் மனைவி மல்லிகா. அதில் ஒன்றில் ஏறப்போகிறோம் என்ற பரபரப்பு அவளிடம் இல்லை. கைப்பைக்குள் எட்டு எலுமிச்சம்பழம் பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டி முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பவள் அவள். நாங்கள் போவதோ அந்தமானில் பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்ற.

இந்த ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டின் கீழ்த்தளத்தில் நான் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தினேன். கட்டிய மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்காமல் யாரிடமும் கொடுப்பதில்லை. அவள் சமைத்ததும் பிள்ளைகளைத் தூங்கவைத்ததும் அந்தச் சத்தத்துக்கு மேலேதான். பட்டறையை மூடிய பிறகு ஒருநாள் செல்போனில், படகிலேயே குடியிருக்கும் வெளிநாட்டுக் கணவன் மனைவியின் வீடியோ ஒன்று பார்த்தோம். கரையை விட்டு வந்ததும் அந்த ஆள் எஞ்சினை அணைக்கிறார். படகு நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. மல்லிகா அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

"எஞ்சின் இல்லாம ஒரு வண்டி போறப்ப என்ன சத்தம் வருதுன்னு நேர்ல கேக்கணும்ங்க. அம்புட்டுத்தான்."

இதற்கு மேல் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எந்த மாதம் கடல் ஆடாது என்று இரண்டு பேரும் சேர்ந்து விசாரித்தோம். நானும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மாசியில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார்கள். மாசி முதல் வாரத்தையே குறித்தோம்.

சென்னையில் விமானம் மாறி, மதியம் போர்ட் பிளேர். ஊரின் பெயரை இப்போது மாற்றிவிட்டார்கள் என்றாலும் ஆட்டோக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். படகுத்துறையில் எங்களுக்காகக் காத்திருந்தவர் பாண்டி. படகை ஓட்டுபவரும் சமைப்பவரும் அவரே. நாற்பது வயதிருக்கும். நாங்கள் மதுரை என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தாத்தா மேலூர்ல இருந்து கப்பலேறி வந்தவருண்ணே. நான் மேலூரப் பாத்ததில்ல. என்ன இருக்கு அங்க?"

"நெல்லு இருக்கு, கல்குவாரி இருக்கு, எந்நேரமும் கூட்டமா ஒரு பஸ் ஸ்டாண்டு இருக்கு."

"அந்த பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒரு டீ குடிக்கணும்ணே," என்றார், ஏதோ காசி ராமேஸ்வரத்தைச் சொல்வதுபோல.

பிப்ரவரி 19. காலை எட்டரைக்கு நங்கூரம் எடுத்தோம். நீல் தீவு முப்பத்தாறு கிலோமீட்டர் என்றார் பாண்டி. துறைமுகத்தைத் தாண்டியதும் மல்லிகா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். தேவைப்படவில்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை; வண்டியூர் கண்மாய் இதைவிட அதிகமாக ஆடும். பாய் சுருட்டியது சுருட்டியபடியே கிடந்தது. எஞ்சின் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாய் எப்பத் தம்பி விரிப்பீங்க?" என்று கேட்டாள்.

பாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். "மதினி, காத்து வேணும்ல! எல்லாரும் காத்துக்கு நாள் பாத்து வருவாக. நீங்க காத்தே இல்லாத மாசமாப் பாத்துப் பாத்து வந்திருக்கீக!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு விசாரித்தோம், இது தோன்றவில்லை. மழைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் வானத்தைப் பார்த்தே பழகிய ஊர்க்காரர்கள். காற்று என்றாலே எங்களுக்குப் புயல்தான். அது இல்லாத நாளே நல்ல நாள் என்று இருந்துவிட்டோம்.

நான்கு மணி நேரம் எஞ்சின் ஓடியது. நீல் தீவின் நீரைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்: நங்கூரம் கடலடி மணலில் விழுந்து புழுதி கிளப்பியது படகிலிருந்தே தெரிந்தது. சாயங்காலம் பாண்டி எஞ்சினை அணைத்தார். கரையில் யாரோ விறகு உடைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

"இந்தா, அமைதியாத்தான இருக்கு?" என்றேன்.

"நிக்கிறப்ப எந்த வண்டிதான் சத்தம் போடும்?" என்றாள். கோபமில்லை. ஆனால் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பிப்ரவரி 20. நீலிலிருந்து ஹேவ்லாக் தீவு. அதுவும் எஞ்சினில்தான். அங்கே கரையில் டீ இருபது ரூபாய். மல்லிகா இறங்கவில்லை; பாய்மரத்தின் உச்சியில் கட்டியிருந்த சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

"தை மாசம் வாங்க மதினி," என்றார் பாண்டி, மீன் குழம்பைக் கிண்டியபடி. "வாடைக்காத்து அடிக்கும் பாருங்க, எஞ்சினத் தொடவே வேணாம்."

"தைல எங்கிட்டு வர்றது? அவனியாபுரத்துல பொங்கலுக்கு மாடு விடுவாக. எங்க மாடில நின்னு பாக்க அம்புட்டுச் சொந்தமும் வந்துரும். நான் வடிச்சுக் கொட்டணும்ல."

"எனக்குந்தான் ஜல்லிக்கட்டுப் பாக்க ஆச. தைல காத்து இருக்கும், நான் எப்படி வர்றது?"

மூன்று பேரும் சிரித்தோம்.

பிப்ரவரி 21. கடைசி நாள். இருட்டுவதற்குள் போர்ட் பிளேர் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும் என்பது விதி. பாதி வழியில் மல்லிகா என் தோளைத் தட்டினாள். சிவப்புத் துணி அசைந்தது. பாண்டியும் பார்த்துவிட்டார். அவர் கயிற்றை இழுக்க, நானும் கூட இழுக்க, பாய் ஏறியது. முதலில் தொளதொளவென்று அடித்துக்கொண்டது, பிறகு வயிறு மாதிரி புடைத்தது. பாண்டி குனிந்து எஞ்சினை அணைத்தார்.

படகு நிற்கவில்லை.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. படகின் அடியில் தண்ணீர் யாரோ மெதுவாகப் பேசுவதுபோல ஓடியது. மேலே பாய் அவ்வப்போது ஒரு மூச்சு விட்டது. மல்லிகா கண்ணை மூடியிருந்தாள். ஒரு காபி குடிக்கும் நேரம் இருக்குமா? அவ்வளவுதான். பாய் தளர்ந்து தொங்கியது. பாண்டி வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கங்க மதினி."

எஞ்சின் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"இம்புட்டு நேரந்தானா," என்றாள். அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் மதுரையில் இறங்கினோம். பிரித்தபோது கைப்பையில் எட்டுப் பழமும் வாடிக் கிடந்தன. ஊறுகாய் போட்டாள். பங்குனி, சித்திரை, வைகாசி போயின. மாடியில் துணி காயும்போது எது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் துணியை மடிக்கத் தொடங்கிவிடுவாள்.

ஆடி 11, ஞாயிறு. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் அவள் தம்பி முருகேசனின் தென்னந்தோப்புக்குப் போயிருந்தோம். களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே கறுத்தது. கொப்பரையை மூட, தோப்பு வேலையாளோடு சேர்த்து நாலு பேரும் தார்ப்பாயை மூலைக்கொருவராகப் பிடித்தோம். டிராக்டர் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. ஆடிக் காற்று, அம்மியையே பறக்கவிடும் காற்று, அடியில் புகுந்து தார்ப்பாயைத் தூக்கியது. முருகேசனும் வேலையாளும் கையை விட்டுவிட்டார்கள். மல்லிகா விடவில்லை. பின்னால் சாய்ந்து, குதிகாலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டே முருகேசா, டிராக்டர நிறுத்து!"

"என்னக்கா, கையில பட்டுருச்சா?"

"மொத நிறுத்துடா!"

ஓடிப்போய் நிறுத்தினான். தார்ப்பாய் புடைத்து மூச்சு விட்டது. அவள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். எனக்கும் கேட்டது.

"அக்கா, நனையப்போகுதுக்கா! மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க!"

தூறல் விழுந்த பிறகே இறக்கினாள். கொப்பரையை மூடி, ஓரத்தில் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் சொன்னாள்:

"இந்தப் பொங்கலுக்கு எங்க வீடு பூட்டியிருக்கும். மாடு பாக்க வேற மாடியப் பாத்துக்கங்க."

"பொங்கலன்னைக்கா? நல்ல நாளும் அதுவுமா வீட்டப் பூட்டுவியா? சொந்தக்காரக என்ன சொல்லுவாக?"

"சொல்லட்டும். மாடு அடுத்த வருசமும் வரும்."

முருகேசன் என்னைப் பார்த்தான். "நானும் கூடப் போறேன் மாப்ள," என்றேன்.

திரும்பும்போது வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ் கிளம்ப இருந்த நேரத்தில், எலுமிச்சம்பழம் விற்பவளிடம் நின்றுவிட்டாள். தைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது, இப்போது எதற்கு என்றேன்.

"வெல கேட்டு வச்சுக்கிறேன்," என்றாள். "காத்தடிச்சா கடல் ஆடும்ல. இந்தத் தடவ எட்டுப் பத்தாது."