வார்த்தைகளுக்குப் பூர்வீகம் பார்க்கிறவர்

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேசுகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் பூர்வீகம் பார்ப்பார். வழக்கொழிந்துபோன வார்த்தை என்றால் இன்னும் குஷி. தனக்குள் பார்த்துக்கொண்டால் எனக்கென்ன? சொல்லியே தீருவார். சமையலை முடித்து நான் கேஸை அணைத்தால் போதும், பின்னாலேயே வந்து நின்று, "ஏட்டி, இதான் கர்ஃப்யூ" என்பார். அடுப்பு நெருப்பை மூடச் சொல்லி அந்தக் காலத்தில் மணி அடிப்பார்களாம். அதுதான் பிற்பாடு ஊரடங்கு ஆனதாம். எனக்கு இடுப்பு ஒடிகிற நேரத்தில் மணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன!

நாம் நாளான்னைக்கு என்கிறோமே, அதற்கு அவர்களிடமும் ஓவர்மாரோ என்று ஒரு வார்த்தை இருந்ததாம், தொலைத்துவிட்டார்களாம். இவர் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஒரு நாள் பூரா உட்கார்ந்திருந்தார்.

ஒரு தடவை நாகலாபுரத்திலிருந்து என் தம்பி வந்திருந்தான். கரிசல் வெடித்துக் கிடக்கிறது, உளுந்து காய்கிறது என்று அவன் வயிறெரிந்து சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஈவ்ஸ்டிராப் என்ற வார்த்தையை எடுத்துவிட்டார். ஒட்டுக்கேட்பது என்று அர்த்தம். கூரை விளிம்பான இறவாரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்தில் நின்று வீட்டுப் பேச்சைக் கேட்பதால் அந்தப் பெயராம். "அத்தான், மழையே இல்லங்குதேன், இறவாரத் தண்ணிக்கு எங்கன போக?" என்றான் தம்பி.

அப்படிப்பட்ட வாய் போன ஐப்பசியில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம். கை கால் தேறிவிட்டது, பேச்சு சரியாக வரவில்லை. நாக்குதான் புரளவில்லையா, புத்தியும் கலங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அந்த இரண்டாவதை நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிப்போனேன். படம் போட்ட அட்டைகளை எடுத்து வைத்து, "தமிழோ இங்கிலீஷோ, எதுல வேணாலும் சொல்லுங்க ஐயா" என்றாள். முதல் அட்டையில் ஜன்னல். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. "காத்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கண்ணு" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "சம்பந்தமில்லாம வருதும்மா" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம்! அவள் மேல் இல்லை. "ஏம்மா, இவிய உளறல. விண்டோங்கிற வார்த்தைக்கு அந்தக் காலத்துல காத்தோட கண்ணுன்னு அர்த்தமாம். எங்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்காவ" என்றேன். இவர் பக்கம் திரும்பி, "ஏங்க, ஜன்னலை ஜன்னல்னு சொன்னா கொறஞ்சா போவீங்க? இப்பவும் ஊரைச் சுத்தித்தான் வரணுமா?" என்று கத்தினேன். அவர் ஆமாம் என்பதுபோல் மேஜையைத் தட்டினார். அந்தப் பெண் செல்போனில் தேடிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "ஐயாவுக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கும்மா. நேர்வழி அடைச்சிருக்கு, சுத்துவழியில வாராவ" என்றாள்.

அடுத்த அட்டையில் நாய். டாக் என்ற வார்த்தைக்கு மட்டும் பூர்வீகம் எவனுக்கும் தெரியவில்லை என்று இவரே மாதக்கணக்கில் புலம்பியிருக்கிறார். சுற்றி வருவதற்கும் வழியில்லை. "அது வேண்டாம்மா, வேற படம் காட்டு" என்றேன். அதற்குள் இவர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். உதடு இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என் முகத்தையே பார்த்தார்.

"நாய்" என்றார்.

தாலி கட்டினவர் என்னை நேருக்கு நேர் பார்த்து நாய் என்கிறார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுகிறேன், "இன்னொரு தடவ சொல்லுங்க, இன்னொரு தடவ" என்று.