செம்பைக் கண்டால் அணையும் நீலம்

கூமரின் சேர்மங்களோடு மல்லுக்கட்டியவர்களை இரண்டே அடையாளங்களில் கண்டுபிடித்துவிடலாம்: துப்பட்டாவில் கந்தக அமிலம் தின்ற ஓட்டைகள், வாயில் ஓயாமல் "இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன்." தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் அப்படித்தான் திரிந்தேன். நீங்களும் சோதனைக்குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் இடமிருக்கிறது.

மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். கூமரின் என்பது சில செடிகளில் இருக்கும் வாசனைப் பொருள். அதில் நான் கூடுதலாக ஒட்டவைத்த பகுதி, நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல உலோக அயனியைக் கவ்விக்கொள்ளும். புற ஊதா விளக்கில் காட்டினால் என் கரைசல் நீலமாக ஒளிரும். செம்பைக் கவ்வியதும் அணைந்துவிடும். அணைந்தால் அந்தத் தண்ணீரில் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். இதை நிரூபித்தால் எனக்கு டாக்டர் பட்டம்.

பஸ்ஸில் ஒரு நேர்காணல்

திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்த அம்மாள் ஒருநாள், இத்தனை வயசுக்கும் என்ன படிக்கிறாய் என்று விசாரித்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் உலோகத்தைப் பிடிக்கும் மருந்து செய்கிறேன் என்றேன். அவர் கண்கள் விரிந்தன. தங்கம் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்காது, செம்பு மட்டும்தான் என்றேன். வெள்ளி? அதுவும் இல்லை.

செங்கல்பட்டு வரும்வரை என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது தோளைத் தட்டிச் சொன்னார்: "செம்பு எங்க வூட்லயே கீது. அதுக்கா இம்மாம் வருசம் படிக்கிற?"

மிக்சர் வாங்கிய நாள்

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஒருநாள் எல்லாம் கூடிவந்தது. கரைசல் அழகாக ஒளிர்ந்தது, ஒரு சொட்டு செம்பு உப்பு விட்டதும் அணைந்தது. என் வழிகாட்டியான பேராசிரியர், கைக்காசில் தேநீர்கூட வாங்கித் தராதவர், துறை முழுவதுக்கும் மிக்சர் வரவழைத்தார்.

பொங்கல் முடிந்து வந்தேன். அதே சேர்மம், அதே விளக்கு. செம்பு விடுவதற்கு முன்பே கரைசல் இருண்டு கிடந்தது. மறுபடி செய்தேன், இருட்டு. சேர்மத்தைப் புதிதாகத் தயாரித்தேன், அதே இருட்டு. சாருக்கு மே மாதக் கடைசியில் ஓய்வு. அதற்குள் ஆய்வேடு போகாவிட்டால் நான் வேறு ஊரில் வேறு வழிகாட்டியைத் தேடி, வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறைக்குள் போய்ச் சொன்னதும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அந்த மிக்சர்ல கொஞ்சமாவது மிச்சம் இருக்கா? திருப்பிக் குடுத்துடலாம்."

எல்லாம் ஒளிர்ந்த நாள்

எங்கள் ஆய்வக உதவியாளர் ஏகாம்பரம் அண்ணன் நல்லவர். நான் குடுவைகளில் அழுக்கு என்று எரிந்து விழுந்ததை மனதில் வைத்துக்கொண்டு, மறுநாள் வீட்டிலிருந்து சலவைத்தூள் கொண்டுவந்து எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு விளக்கைப் போட்டதும் கரைசல் ஜோராக ஒளிர்ந்தது. துள்ளிக் குதித்தேன். செம்பு விட்டேன், அப்போதும் ஒளிர்ந்தது. சேர்மமே போடாத குடுவையும் ஒளிர்ந்தது. எட்டிப் பார்க்க வந்த சாரின் சட்டைக் காலரும் ஒளிர்ந்தது.

துணி பளிச்சென்று தெரிய சலவைத்தூளில் சேர்க்கும் பொருளும் இந்த விளக்கில் நீலமாகத்தான் ஒளிரும். கூமரின் குடும்பத்திலேயே அப்படிச் சில உண்டு, பங்காளி மாதிரி. எல்லாவற்றையும் மறுபடி கழுவச் சொன்னபோது அண்ணனுக்கு வருத்தமாகிவிட்டது: "வெளிச்சம் வர்லன்னு அயுதுகினு இருந்த. வந்தா, அதுவும் வாணாங்குற. இன்னாமா உன்கூட பேஜாரு?"

சதுரங்கப்பட்டினத்துக் கடல்

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் ஏதாவது நிஜத் தண்ணீரைச் சோதித்துக் காட்ட வேண்டும். முதல் அத்தியாயமே தேறாதபோது கடைசி அத்தியாயம் எதற்கு என்று கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி, அலையில் கால் நனைய நின்று பாட்டிலில் கடல்நீர் பிடித்தேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு வெறும் வலையைக் காட்டினார்: "செம்பு கீதான்னு அப்பால பாரு. மீனு கீதான்னு பாத்து சொல்லு தாயி, புண்ணியமா போவும்."

சீர்க் குடம்

கடல்நீரில் என் சேர்மத்தை விட்டு விளக்கைப் போட்டேன். நீலமாக ஒளிர்ந்தது. பக்கத்திலேயே, நான் தினமும் கரைசல் போடும் எங்கள் காய்ச்சி வடித்த நீரில் விட்ட குழாய் இருட்டாக இருந்தது. கடலிலேயே கவ்வும் அளவுக்குச் செம்பு இல்லை. ஆய்வகத்துச் சுத்தமான நீரில் இருக்கிறதா?

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். வடிகலனின் கண்ணாடிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது, தகதகவென்று மின்னிய ஒரு பித்தளைக் குடத்தில். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. வழக்கமாக அந்த நீரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கேன் பொங்கல் சமயத்தில் விரிசல் விட்டதாம். நல்ல தண்ணீரைக் கண்டதில் பிடிக்கலாமா என்று ஏகாம்பரம் அண்ணன் தன் வீட்டிலிருந்து குடத்தைக் கொண்டுவந்து, தினமும் காலையில் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது: "எம் பொண்டாட்டி சீருக்கு எட்தாந்த கொடம்மா இது. வூட்ல எனக்கே இதுல தண்ணி குட்க்க மாட்டா."

சந்தனக் கை

புதிய கேனில் பிடித்த நீரில் எல்லாம் சொன்னபடி கேட்டது. ஒளிர் என்றால் ஒளிர்ந்தது, அணை என்றால் அணைந்தது. சார் இன்னொன்றும் செய்யச் சொன்னார்: அந்தக் குடத்து நீரையே கடைசி அத்தியாயத்தில் சேர். வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் செம்பு இறங்குவதை என் சேர்மம் கண்டுபிடிக்கிறது என்று கம்பீரமாக எழுதினேன். சாரின் ஓய்வு நாளன்று, மாலையும் பொன்னாடையுமாக நின்றவரிடம் ஆய்வேட்டை நீட்டினேன். கையில் சந்தனத்தோடு கையெழுத்துப் போட்டார். கறை பக்கத்தில் ஒட்டியது. நான் அழுதேன், அவர் பார்க்காததுபோல் இருந்தார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சாரும் விருந்தாளியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியூர்த் தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டி, மிக நல்ல மாதிரி, எங்கே சேகரித்தீர்கள் என்று கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள், தேநீர்த் தட்டோடு நின்ற ஏகாம்பரம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்: "எங்க வூட்டுக் கொடம் சார். நான்தான் தேச்சேன்."

செம்பு எங்கே இருந்தாலும் தவறாமல் காட்டிக்கொடுக்கும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதிய சேர்மத்தை, அது காட்டிக்கொடுத்தபோதெல்லாம் திட்டித் தீர்த்த ஒருத்திக்குத்தான், பாருங்கள், அதே சேர்மத்துக்காக டாக்டர் பட்டமும் கொடுத்தார்கள்.