விளக்கீட்டுக்கு மறுநாள் சுடாத பன்றி

என் தங்கையின் கணவரிடம் தென்மராட்சியில் ஒரு மரவள்ளித் தோட்டமும், பன்றிக்காக அனுமதி பெற்ற துவக்கும் இருந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சுட்ட பன்றிகளைத் திகதியோடு எழுதிக் கந்தோரில் கொடுக்க வேண்டும். நாட்குறிப்பு எழுதுபவன் என்பதால் அந்தப் படிவம் என் கைக்கே வரும்.

கடந்த மார்கழியில் எழுத ஒன்றுமில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு தங்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். மனைவி அப்படியிருக்கையில் எங்கள் பக்கத்து ஆண்கள் பாம்பைக்கூட அடிப்பதில்லை. மச்சான் துவக்குக்கு எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றிவிட்டார்.

"வெறுமையாக் குடுத்தால், பிறகேன் துவக்கெண்டு பறிச்சுப்போடுவாங்கள். ஒண்டெண்டாலும் போடும் மச்சான். உம்மடை திகதியெண்டால் பஞ்சாங்கமே மறுத்துக் கதைக்காது," என்றார் என்னிடம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மறுநாள் பன்றிகள் தோட்டத்தைக் கிளறியதாக என் குறிப்பில் இருந்தது. அந்தத் திகதியை எழுதி, 'ஆண் பன்றி ஒன்று' என்று போட்டேன். மச்சான் கையொப்பமிட்டார்.

தையில் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது.

இரண்டு கிழமை கழித்து, கிளினிக் கொப்பியை எடுத்துவைக்கப் போன தங்கை அதே பையில் படிவத்தின் நகலைக் கண்டாள். அன்றே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"எனக்கு ஏழு மாசம், அண்ணை. அப்ப சுட்டிருக்கிறார்."

"இல்லையம்மா. அது நான் சும்மா போட்ட திகதி."

"நீங்கள் ஒருநாளும் திகதி சும்மா போடமாட்டியள். அவரைக் காப்பாத்தப் பாக்கிறியள்."

நாட்குறிப்பைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் பார்க்கவில்லை.

கந்தோருக்குப் போய், அந்தப் பதிவு பொய் என்று முத்திரை குத்தித் தரும்படி கேட்டேன். எழுதுவினைஞர் நல்ல மனிதர். "பொய்யெண்டு எழுதித் தந்தால் துவக்கும் போகும், வழக்கும் வரும். ஒரு பண்டிதானே ஐயா, கிடக்கட்டும்."

மச்சானிடம் சொன்னேன். "வரட்டும். எழுதும்," என்றார். தோட்ட வரம்பில் வைத்தே நான் எழுதிய கடிதத்தில் ஒப்பமிட்டார். மறுநாள் துவக்கைச் சாக்கோடு கொண்டுபோய் ஒப்படைத்தோம்.

கடிதத்தின் முத்திரை குத்திய நகலோடு திரும்பினோம். மச்சான் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். தங்கை அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கடிதத்தின் தலைப்பில் நான் போட்டிருந்த திகதியில் விரலை வைத்தாள்.

"இது சரியான திகதியோ, அண்ணை?"

"ஓம்," என்றேன்.

அவள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.