தியரி முடிந்தால் பிராக்டிகல்

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் தென்காசி வீடுகளில் ஆள் விழும் என்பார்கள். குளிக்க வந்த சொந்தக்காரர்கள் லாட்ஜில் தங்கினால் வீட்டுக்காரர்களுக்குத்தான் தலைகுனிவு. ஆனி பிறந்ததிலிருந்து உமாராணி வீட்டில் பாய்கள் சுருட்டப்படவே இல்லை.

அவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவள். கோட்பாட்டு இயற்பியலில் ஐந்து வருட ஆராய்ச்சி செய்வதற்குச் சென்னையில் ஒரு நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை தேர்வு. அதற்குத்தான் படிக்கிறாள். ஒரு கணக்கைப் பாதி போடும்போது அருவியிலிருந்து வேன் திரும்பிவிடும். குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி லேசில் அடங்காது. தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், தான் எழுதியதே வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கும். மறுபடியும் முதல் வரி. இப்படியே ஒரு மாதம் போயிற்று.

அப்பா முத்துராமலிங்கம் போலீஸ் ஏட்டு. சென்னைக்குப் போகிறேன் என்றதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது ஒரு நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. குளிக்க வந்திருந்த கோவில்பட்டி மாமா சாப்பிட்டுக்கொண்டே, அஞ்சு வருசம் அப்படி என்னத்தைப் படிக்கப் போகிறாள் என்று கேட்டார்.

"தியரி அத்தான். தியரிய அங்கன முடிச்சிட்டான்னா, பிராக்டிகல இங்கன வந்து பண்ணிக்கிடலாம்லா" என்றார் அப்பா.

தியரட்டிகல் பிசிக்ஸ் என்று அவள் சொன்னதை, பிளஸ் டூ பரீட்சை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார். உமாராணி தோசைக் கரண்டியோடு நின்றாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. பேசாமல் விட்டால் காரியம் நடந்துவிடும். ஆனால் அஞ்சு வருசமும் இந்தப் பொய்யைத் தூக்கிச் சுமக்க வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டுமே.

"அப்பா, இதுல பிராக்டிகலே கிடையாது. கடைசி வரைக்கும் தியரிதான்."

"செஞ்சு பாக்கதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"அத வேற ஆளுக செய்வாங்க. எனக்குப் பேப்பரும் பேனாவும்தான்."

விசாரணையில் ஆளைப் பிடித்துவிட்டவர் போல அப்பா நிமிர்ந்தார். "பேப்பரும் பேனாவும்தானா? அப்ப இங்கனயே உக்காந்து செய்ய வேண்டியதான?"

சென்னையில் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து வைத்திருந்தவளுக்கு, இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

"உக்கார விட்டாத்தானப்பா" என்றாள். குரலில் கோபமில்லை, கோபப்படவும் உடம்பில் தெம்பில்லை.

அப்பா அவள் மேசையைப் பார்த்தார். நாற்காலி முதுகில் யாருடைய ஈரத்துண்டோ சொட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தின் மேல் ஒரு சீயக்காய்ப் பொட்டலம். அவர் எழுந்துபோய் இரண்டையும் எடுத்து அப்புறப்படுத்தினார்.

அப்போது ராஜபாளையத்துச் சித்தப்பா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு குளிக்க வருகிறார்களாம்.

"இந்த வாரம் வேண்டாம்டே. நான் பிள்ளையக் கூட்டிக்கிட்டு மெட்ராஸ் போறேன்" என்றார் அப்பா.

சீசனில் வராதே என்று அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கோவில்பட்டி மாமா பிட்ட தோசையை வாயில் வைக்காமல் அப்பாவையே பார்த்தார். உமாராணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது.